கோப்பில் எழுதிய வயது

1960 ஜூலை 21 அன்று, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள அலமகோர்டோ என்ற ஊரில், பாட்டி வீட்டின் பின்புறச் சந்தில் விளையாடிக்கொண்டிருந்த நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியைக் காரில் வந்தவர்கள் இழுத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். பத்து நாள் கழித்து, ஜூலை 31 அன்று, பக்கத்து மாநிலமான அரிசோனாவில் காங்கிரஸ் என்ற சிற்றூருக்கு அருகே, வறண்ட ஓடையின் மணலில் ஒரு சிறுமியின் உடல் கிடைத்தது. இரண்டும் ஒரே குழந்தையாக இருக்கலாமோ என்ற ஐயம் அன்றைய புலனாய்வாளர்களுக்கும் எழாமல் இல்லை. அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் செய்தார்கள். ஆனால் உடலைப் பரிசோதித்தவர்கள் கணித்த வயது காணாமற்போன குழந்தையின் வயதைவிடக் கூடுதலாக இருந்தது. உடையும் ஒத்துவரவில்லை, கால் தடமும் ஒத்துவரவில்லை என்று முடிவாயிற்று. எனவே அந்தக் குழந்தையின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஓடையில் கிடைத்த சிறுமியை, ஊர்மக்கள் திரட்டிய நிதியில், "லிட்டில் மிஸ் நோபடி" என்ற பெயரில், அதாவது யாருமற்ற குட்டிப் பெண்ணாக, அடக்கம் செய்தார்கள்.

2022 மார்ச்சில் மரபணு ஆய்வின் முடிவு வந்தது. அவள் அதே குழந்தைதான். அறுபத்தோர் ஆண்டுகளுக்கும் மேலாக அவளுடைய பெயர் அவளுக்கு மிக அருகிலேயே, முதல் சில வாரங்களில் எழுதப்பட்ட தாள்களிலேயே, அடித்துவிடப்பட்ட நிலையில் இருந்திருக்கிறது.

நான் தடயவியல் பயின்றவள் அல்லள். காணாமற்போன ஒருவரைப் பற்றிப் பேசாமலேயே பேசிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தில் வளர்ந்தவள் என்பதால் இத்தகைய வழக்குகளைப் பல ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். அந்த வாசிப்பு என்னிடம் உறுதியாக்கிய ஓர் எண்ணத்தைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாத உடல்களைப் பற்றிய செய்திகள் புதிய அறிவியலின் வெற்றியைத்தான் பெரும்பாலும் கொண்டாடுகின்றன, கொண்டாடுவதும் தகும். ஆனால் அந்த வெற்றி எதற்காகத் தேவைப்பட்டது என்று ஒவ்வொரு வழக்கிலும் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால், தடயம் கிடைக்காததால் பெயர் கிடைக்காமற்போனது என்பதைவிட, கிடைத்த தடயத்தைத் தேவைக்கு மீறிய உறுதியோடு எழுதிவைத்ததாலோ, அதைப் பத்திரப்படுத்தாததாலோ, மறுபக்கத்தில் தேடுகிறவரின் புகாரைப் பதிவு செய்யாததாலோ பெயர் தொலைந்துபோனது என்பதையே அடிக்கடி காண்கிறேன்.

எலும்பிலிருந்து வயதைக் கணிப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்தால்தான் இது விளங்கும். குழந்தைகளின் வயதைப் பற்களும் எலும்பு வளர்ச்சியும் ஓரளவு நெருக்கமாகக் காட்டும். பால்பற்களின் வேர் எவ்வளவு கரைந்திருக்கிறது, ஈறுக்குள் நிலைப்பற்கள் எவ்வளவு உருவாகியிருக்கின்றன என்பதை எக்ஸ்ரேயில் பார்த்துக் கணிக்கிறார்கள். பதின்பருவத்தில் கை கால் எலும்புகளின் நுனிகள் தண்டோடு இணையும் வரிசை உதவுகிறது. மார்பெலும்பைத் தொடுகின்ற காறையெலும்பின் உள்முனைதான் கடைசியாக இணைவது. அது இருபதுகளின் பிற்பகுதி வரைகூட நீளும். அதன்பின் உடல் வளர்வதில்லை, தேய்கிறது. தேய்மானம் ஆளுக்கு ஆள் மாறுபடுவது. இடுப்பெலும்பின் முன்பக்க இணைப்புப் பரப்பு வழவழப்பாகிக்கொண்டு வருவதையும், விலாவெலும்பின் நுனி குழிந்து ஓரம் கூர்மையடைவதையும் கொண்டு நடுவயதினரின் வயதைச் சொல்கிறார்கள். உழைப்பு, நோய், உணவுக் குறைவு, மகப்பேறு எல்லாம் அந்தப் பரப்பில் கலந்து கிடக்கின்றன. ஐம்பதைத் தாண்டியவர் என்று சொல்லலாமே தவிர, ஐம்பத்தைந்தா எழுபதா என்று எலும்பைக் கொண்டு அறுதியிடுவது கடினம்.

பாலினத்தைப் பெரியவர்களிடத்தில் இடுப்பெலும்பு தெளிவாகவே காட்டும். பருவமடையாத குழந்தையின் எலும்புக்கூடு மட்டும் கிடைத்தால் ஆணா பெண்ணா என்று நம்பிக்கையோடு சொல்ல முடியாது. தொடையெலும்பின் நீளத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடும் சூத்திரங்கள் உண்டு. அவற்றிலும் சில சென்டிமீட்டர் பிழை இயல்பானது. மேலும், உயிரோடு இருந்தபோது மனிதர்கள் தம் உயரத்தைக் கூட்டிச் சொல்வதும் இயல்பு. ஆகவே நேர்மையான ஒரு தடயவியல் மானுடவியலாளர் ஒரு வீச்சைத்தான் தருவார். அந்த வீச்சு காவல் கோப்புக்குள் நுழையும்போது ஒற்றை எண்ணாகச் சுருங்குகிறது, செய்தித்தாளில் அச்சாகும்போது உண்மையாகவே ஆகிவிடுகிறது. தேடுகிறவர் அந்த எண்ணைப் பார்த்து, "நம்முடையவர் இல்லை" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்.

கென்டக்கி மாநிலத்தின் ஜார்ஜ்டவுன் அருகே 1968 மே 17 அன்று கூடாரத்துணியில் சுற்றப்பட்ட ஒரு பெண்ணுடல் கிடைத்தது. "டென்ட் கேர்ள்" என்று பெயரிட்டார்கள். அவளுக்கு வயது பதினாறு முதல் பத்தொன்பது வரை இருக்கும் என்று கணித்தார்கள். அவளுடைய கல்லறைக் கல்லில் ஓவியர் வரைந்த முகத்தையும் பொறித்தார்கள். எங்கோ ஒரு வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் வயதுடைய பெண்ணைக் காணவில்லை என்று யாராவது வருவார்கள் எனக் காத்திருந்தார்கள். உண்மையில் அவளுக்கு இருபத்து நான்கு வயது. திருமணமானவள், கைக்குழந்தையின் தாய். அவளைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு தாயைத் தேடினார்கள். காவல்துறையோ பள்ளி மாணவிகளின் பட்டியலைத் தேடியது.

அவளைக் கண்டெடுத்தவரின் மருமகனான டாட் மேத்யூஸ் என்ற தொழிற்சாலை ஊழியர், பத்தாண்டுக்கு மேல் இந்த ஒரு வழக்கையே நினைத்துக்கொண்டிருந்து, இணையம் வந்ததும் இரவிரவாகக் காணாமற்போனோர் அறிவிப்புகளைப் படித்து, தன் அக்காவைத் தேடும் ஒரு தங்கையின் அறிவிப்பை 1998-ல் கண்டுபிடித்தார். உடலைத் தோண்டியெடுத்து மரபணுவைச் சோதித்து உறுதி செய்தார்கள். மேத்யூஸின் பொறுமையைப் புகழ்ந்து நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அவர் செய்த வேறொரு காரியம்தான் என்னை அதிகம் கவர்கிறது: வயது பொருந்தாததைக் கண்டும் அவர் பக்கத்தைப் புரட்டிவிடவில்லை. பின்னாளில் அவர், அமெரிக்க அரசு உருவாக்கிய நேம்அஸ் என்ற தேசியத் தரவுத்தளத்தில் பணியாற்றினார்.

அந்தத் தரவுத்தளத்தில் அடையாளம் தெரியாத ஒவ்வோர் உடலுக்கும் ஒரு பக்கம் உண்டு. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வயது வீச்சு, உயரம், முடியின் நிறம், அணிந்திருந்த சட்டை, சட்டைப்பையில் இருந்த சாவி என்று போகும் அந்தப் பக்கத்தில், விலக்கப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றும் இருக்கும். இந்த உடல் இவருடையது அல்ல என்று முடிவு செய்யப்பட்ட, காணாமற்போனவர்களின் பெயர்கள் அவை. நான் எப்போதும் அந்தப் பட்டியலைத்தான் முதலில் படிப்பேன். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு குடும்பத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போயிருக்கும். "உங்கள் மகள் இல்லை" என்ற சொல் ஆறுதலாகவும் அடியாகவும் ஒரே சமயத்தில் விழுந்திருக்கும். அந்த விலக்கல்கள் பல்லாலும் மரபணுவாலும் செய்யப்பட்டவையா, அல்லது நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கணித்த வயதால் செய்யப்பட்டவையா என்பதைப் பொறுத்தே அந்தச் சொல்லின் நம்பகம் அமைகிறது.

தடயம் சரியாக இருந்தும் அதைப் படித்த விதம் குறுகலாக இருந்ததற்கு ஆஸ்திரேலியாவின் சாமர்டன் மனிதரின் வழக்கு தெளிவான சான்று. 1948 டிசம்பர் 1 அன்று அடிலெய்டு நகரின் சாமர்டன் கடற்கரையில், நன்றாக உடுத்திய ஒருவர் இறந்து கிடந்தார். உடைகளில் அடையாளச் சீட்டுகள் அகற்றப்பட்டிருந்தன. "முடிந்தது" என்று பொருள்படும் இரண்டு பாரசீகச் சொற்கள் அச்சிடப்பட்ட ஒரு காகிதத் துண்டு, ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து கிழிக்கப்பட்டு, அவருடைய கால்சட்டையின் உட்பைக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பனிப்போர் தொடங்கிய காலம் அது என்பதால் அவர் ஓர் உளவாளி என்ற கதை பிறந்து, எழுபதாண்டுகளாக வளர்ந்தது. ரயில் நிலையத்தில் விட்டுச்செல்லப்பட்டு, அவருடையதாகக் கருதப்பட்ட பெட்டியில் இருந்த சில துணிகளில் "கீன்" என்ற பெயர் இருந்தது. அந்தப் பெயரில் காணாமற்போனவர் யாரும் இல்லை என்று தெரிந்ததும் அந்தத் தடயம் பயனற்றதாகக் கைவிடப்பட்டது.

2022 ஜூலையில், அடிலெய்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டெரிக் அபட்டும் மரபணு வம்சாவளி ஆய்வாளர் கோலின் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் அவர் மெல்போர்னைச் சேர்ந்த கார்ல் வெப் என்று அறிவித்தார்கள். 1905-ல் பிறந்தவர், மின்கருவிகள் சார்ந்த தொழில் செய்தவர். அவருடைய சகோதரியின் கணவர் பெயர் கீன். உறவினர் கொடுத்த பழைய உடுப்பை அணிவது எந்தக் குடும்பத்திலும் நடப்பது. துணியில் இருக்கும் பெயர் உடுத்தியவருடையது என்றே கொள்ளாமல், அவருக்கு வேண்டிய ஒருவருடையதாகவும் இருக்கலாம் என்று தேடியிருந்தால் அந்தத் தடயம் அன்றே அவருடைய வீட்டுவாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்குமோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. உளவாளிக் கதையின் பளபளப்பு, ஒரு சாதாரண மனிதரின் சாதாரணக் குடும்பத்தைத் தேடவிடாமல் செய்துவிட்டது என்பதே என் கருத்து.

அவர் அடையாளம் காணப்பட்ட விதத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. அடக்கத்துக்கு முன் அவருடைய தலையையும் மார்பையும் வைத்துப் பிளாஸ்டரால் ஓர் அச்சு எடுத்திருந்தார்கள்; அந்த அச்சில் சில முடிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த முடிகளிலிருந்துதான் மரபணு கிடைத்தது. அச்சு எடுத்தவர்களின் காலத்தில் மரபணுவின் வடிவமே கண்டறியப்பட்டிருக்கவில்லை. ஏதோ ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்ற தொழில் ஒழுக்கம், அதன் பயன் என்ன என்று தெரியாமலேயே, எழுபத்து மூன்று ஆண்டுக்குப் பின் பலித்தது. ஒஹாயோ மாநிலத்தில் 1981 ஏப்ரலில் கிடைத்த ஓர் இளம்பெண்ணின் வழக்கிலும் இப்படித்தான்: அவள் அணிந்திருந்த மான்தோல் மேற்சட்டையை வைத்து "பக்ஸ்கின் கேர்ள்" என்று அழைக்கப்பட்ட அவளுடைய இரத்த மாதிரி ஒன்றைப் பரிசோதனையின்போதே எடுத்துச் சேமித்திருந்தார்கள். 2018-ல் டிஎன்ஏ டோ ப்ராஜெக்ட் என்ற தன்னார்வ அமைப்பு அந்த இரத்தத்திலிருந்து கிடைத்த தகவலைத் தரவுத்தளத்தில் ஏற்றியபின், பெயரை நெருங்கச் சில மணி நேரமே ஆயிற்று. அவள் பெயர் மார்சியா கிங். அவளுடைய தாய், மகள் என்றாவது அழைப்பாள் என்ற எதிர்பார்ப்பில் முப்பத்தேழு ஆண்டுகளாக வீடும் மாறவில்லை, தொலைபேசி எண்ணையும் மாற்றவில்லை.

இந்தத் தாயைப் பற்றி முதன்முதலில் படித்த அன்று நான் வேறெதையும் படிக்கவில்லை.

எல்லா இடங்களிலும் இப்படிச் சேமித்து வைக்கவில்லை என்பதுதான் துயரம். அமெரிக்க நீதித்துறையின் ஆய்வுப் பிரிவு 2007-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, அந்நாட்டில் அடையாளம் தெரியாத உடல்களின் எண்ணிக்கை 40,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டு, இதை ஓசையற்ற பேரிடர் என்று வர்ணித்தது. அவற்றில் ஏறத்தாழ 6,000 மட்டுமே தேசியக் குற்றப்பதிவுத் தரவுத்தளத்தில் ஏறியிருந்தன. அங்குள்ள மரண விசாரணை அலுவலகங்களில் ஏறத்தாழ பாதியில், அடையாளம் தெரியாதவர்களின் எக்ஸ்ரே, கைரேகை, மரபணு போன்ற பதிவுகளை வைத்திருக்க வேண்டும் என்ற விதிமுறையே அப்போது இல்லை. பலரை மாதிரி எடுக்காமலேயே எரித்துவிட்டார்கள். புதைத்த இடங்களில் சில, கல்லறை எண்ணைக் குறித்த ஏடு தொலைந்துவிட்டதால், மறுபடி தோண்டப்போகும்போது எந்த மேட்டைத் தோண்டுவது என்று தெரியாத நிலையில் உள்ளன. உடலைப் பதப்படுத்தப் பயன்படுத்தும் ஃபார்மலின் மரபணுவைத் துண்டுதுண்டாக்கிவிடும். மரியாதையோடு அடக்கம் செய்ய வேண்டும் என்ற நல்லெண்ணமே இப்படிச் சில சமயம் தடையாகியிருக்கிறது. எலும்பு மட்டும் மிஞ்சும்போது, உட்செவியைச் சுற்றியிருக்கும் மிக அடர்ந்த எலும்புப் பகுதியையும் பற்களையும்தான் இன்றைய ஆய்வகங்கள் நம்புகின்றன. எனவே மண்டையோட்டைப் பத்திரப்படுத்தாமல் விட்ட வழக்குகளில் இழப்பு பெரிது.

மரபணு வம்சாவளி முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது என்ன செய்கிறது என்பது பலருக்கும் தெளிவாக இல்லை. காவல்துறையின் பழைய தரவுத்தளங்கள் மரபணுவின் இருபது குறிப்பிட்ட இடங்களை மட்டும் ஒப்பிடுகின்றன. தாய், தந்தை, பிள்ளை, உடன்பிறந்தார் போன்ற நெருங்கிய உறவினர் ஒருவர் மாதிரி கொடுத்திருந்தால்தான் அங்கே பொருத்தம் கிடைக்கும்; கொடுக்காவிட்டால் எத்தனை ஆண்டுகள் ஆனாலும் கிடைக்காது. புதிய முறையில் லட்சக்கணக்கான இடங்களைப் படித்து, தம் முன்னோரைத் தேடுவதற்காகப் பொதுமக்கள் தாமாகவே தகவலை ஏற்றிவைத்திருக்கும் தளங்களில் ஒப்பிடுகிறார்கள். பெரும்பாலும் மூன்றாம் நான்காம் தலைமுறை உறவினர்கள்தான் அகப்படுவார்கள். இறந்தவர் யார் என்றே அவர்களுக்குத் தெரியாது. அவர்களுடைய முன்னோர் வரிசையை மேல்நோக்கி எழுதி, பொதுவான மூதாதையரைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கிளைகள் அனைத்தையும் கீழ்நோக்கி எழுத வேண்டும். இரண்டு வெவ்வேறு குடும்ப மரங்கள் ஒரு திருமணத்தில் சந்திக்கும் இடம் தெரிந்தால், தேடப்படுகிறவர் அந்தத் தம்பதியின் வழியில் வந்தவர். சாமர்டன் மனிதருக்காக எழுதிய மரத்தில் ஏறத்தாழ 4,000 பேர் இருந்தார்கள். தத்தெடுப்பும், மறைக்கப்பட்ட தந்தைமையும், உறவுக்குள்ளேயே நிகழ்ந்த மணங்களும் ஒவ்வொரு கிளையிலும் குழப்பும்.

இதில் ஒரு நீதிக்கேடும் உண்டு. அந்தத் தளங்களில் தகவல் ஏற்றியிருப்பவர்களில் பெரும்பான்மையோர் ஐரோப்பிய வம்சாவளியினர். எனவே அந்த வம்சாவளியைச் சேர்ந்த உடல்களுக்கு விரைவில் பெயர் கிடைக்கிறது. மற்றவர்கள் உயிரோடிருந்தபோது நின்ற வரிசையிலேயே இறந்தபின்னும் கடைசியில் நிற்கிறார்கள். தனியுரிமை குறித்த அச்சமும் நியாயமானதே. 2019 மே மாதம் ஜெட்மேட்ச் என்ற தளம், ஒப்புதல் கொடுத்தவர்களின் தகவலைத் தவிர மற்றவற்றைக் காவல்துறைத் தேடலுக்கு மூடியது. பெயரைத் தேடுவோருக்கு அப்போது அது இழப்பாக இருந்தது என்றாலும், கேட்டுப் பெறாத ஒன்றைப் பயன்படுத்தாமலிருப்பது சரி என்றே நான் நினைக்கிறேன். கிடைத்த பெயரை என்ன செய்வது என்பதிலும் அதே கவனம் வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் 2001 செப்டம்பரில் ஒரு விடுதியறையில் பொய்ப்பெயரில் தங்கித் தன் உயிரை முடித்துக்கொண்ட இளைஞர் ஒருவரை 2018-ல் அடையாளம் கண்டபோது, குடும்பத்தினர் அவர் எங்கோ நலமாக இருக்கிறார், தம்மோடு பேச விரும்பவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், வெளியிடவில்லை. பதினேழு ஆண்டுகளாக அவரைத் தேடிய அந்நியர்கள் பலருக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெயர் தேடியவர்களுக்குச் சொந்தமானதன்று.

இதுவரை சொன்னவை உடல் கிடைத்த பக்கத்தின் குறைகள். மறுபக்கம், ஆளைத் தொலைத்த பக்கம், இதைவிடக் கனமானது. நியூயார்க் மாநிலத்தின் காலிடோனியாவில் 1979 நவம்பரில் ஒரு சோள வயலில் கிடைத்த பதின்வயதுப் பெண்ணுக்காக அந்த வட்டாரக் காவல் அதிகாரிகள் செய்யாதது ஒன்றுமில்லை. அவளுடைய உடம்பில் வெயில் படிந்திருந்த கோடுகளைப் பார்த்து, குளிர்ப்பகுதியைச் சேர்ந்தவள் அல்லள் என்று ஊகித்தார்கள். பின்னாளில் அவளுடைய உடைகளில் ஒட்டியிருந்த மகரந்தத்தை ஆராய்ந்து, வெப்பமான தென்மாநிலங்களிலிருந்து வந்திருப்பாள் என்று சொன்னார்கள். எல்லாம் சரியாகவே இருந்தன. அவள் ஃபுளோரிடாவைச் சேர்ந்தவள். ஆனால் ஒப்பிடுவதற்கு மறுபக்கத்தில் தாளே இல்லை. அவளைக் காணவில்லை என்ற முறையான பதிவு எதுவும் இல்லாததால், பள்ளித் தோழி ஒருவர் 2014-ல் தேடத் தொடங்கிப் புகாரைப் பதிவு செய்ய வைக்கும் வரை, முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த நுணுக்கமான வேலை அனைத்தும் ஒற்றைக் கையால் தட்டிய ஓசையாகவே இருந்தது. பதிவான சில மாதங்களுக்குள், 2015 ஜனவரியில், பெயர் கிடைத்துவிட்டது.

பதினெட்டு வயது நிரம்பியதும் கோப்பிலிருந்து நீக்கப்பட்ட சிறுவர்கள் உண்டு. ஓடிப்போனவர்கள் என்று வகைப்படுத்தப்பட்டு, தேடத் தேவையில்லாதவர்களாகக் கருதப்பட்ட பெண்கள் உண்டு. ஃபிலடெல்ஃபியாவில் 1957 பிப்ரவரியில் அட்டைப்பெட்டிக்குள் கிடைத்த சிறுவனின் முகம் அச்சிட்ட துண்டறிக்கைகளை லட்சக்கணக்கில் விநியோகித்தும் அவனுக்கு உரியவர் என்று ஒருவரும் முன்வரவில்லை. அவன் பெயர் ஜோசப் அகஸ்டஸ் ஜரெல்லி என்று 2022 டிசம்பர் 8 அன்று அறிவித்தார்கள். அடுத்த மாதம், அவன் உயிரோடிருந்தால் எழுபது வயது நிறைந்திருக்கும் நாளில், அவனுடைய கல்லில் பெயரைச் சேர்த்தார்கள். கொலையாளி யார் என்பது அந்தக் கல்லில் இல்லை, கோப்பிலும் இல்லை. பெயர் கிடைத்துவிட்டால் வழக்கு முடிந்துவிட்டதாக எழுதும் செய்திகளைப் படிக்கும்போது எனக்கு ஏற்படும் வருத்தம் இதனால்தான். யார் இறந்தார் என்று தெரிந்த பிறகுதான், அவரைக் கடைசியாகப் பார்த்தவர் யார் என்ற கேள்வியையே கேட்க முடிகிறது. அதற்குள் பதில் சொல்ல வேண்டியவர்களில் பலர் இறந்துபோயிருக்கிறார்கள்.

நார்வேயின் பெர்கன் நகருக்கு அருகே, இஸ்டாலன் பள்ளத்தாக்கில் 1970 நவம்பர் 29 அன்று எரிந்த நிலையில் கிடைத்த பெண்ணுக்கு இன்றுவரை பெயர் இல்லை. அவரை அடக்கம் செய்தபோது, உறவினர் யாராவது வந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று எண்ணி, துத்தநாகப் பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். தாடையெலும்பைத் தனியே பாதுகாத்தார்கள். அதனால்தான், ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, அவருடைய பற்களில் தங்கியிருந்த ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்களை, ஆராய்ந்து, சிறுவயதை ஜெர்மனியின் நியூரம்பெர்க் வட்டாரத்தில் கழித்திருக்கலாம் என்று சொல்ல முடிந்தது. பல் உருவாகும் காலத்தில் குடித்த நீரின் தடம் பல்லில் நின்றுவிடுகிறது. அந்தப் பெட்டியை நினைத்துப் பார்க்கும்போது, அதைச் செய்யச் சொன்ன அதிகாரி யாராக இருந்தாலும் அவருக்கு நான் மனத்துக்குள் நன்றி சொல்வதுண்டு.

எங்கள் வீட்டில் காணாமற்போனவர் என் அம்மாவின் அண்ணன், எனக்குப் பெரிய மாமா. நான் பிறப்பதற்கு முன்பே போனவர். புகார் கொடுக்கப் போன தாத்தாவிடம், "வயது வந்தவர், தானாகப் போயிருக்கிறார், தானாக வருவார்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாத்தா மறுபடி போகவில்லை. போயிருக்க வேண்டும் என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கேயும் ஒரு தாள் இல்லை. ஆகவே சென்ற மாதம் அந்தத் தாளை நானே எழுத உட்கார்ந்தேன். அம்மாவையும் சித்தியையும் எதிரெதிரே உட்காரவைத்து, அவருடைய உயரம், போட்டிருந்த சட்டை, முன்பல்லின் ஓரம் உடைந்திருந்தது என எல்லாவற்றையும் கேட்டேன். உமிழ்நீர் மாதிரி கொடுக்க இருவரும் ஒப்புக்கொண்டார்கள். எங்கே, எந்த முறையில் கொடுப்பது என்பதை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

சிறுவயதில் மாமா மரத்திலிருந்து விழுந்து கை முறிந்திருக்கிறது. கூடிய எலும்பில் தழும்பு நிற்கும் என்பதால் எந்தக் கை என்று கேட்டேன். அம்மா இடது என்றார். சித்தி வலது என்றார், கட்டுப்போட்டிருந்த கையோடு தனக்கு எழுதப் பழக்க முடியாமல் அண்ணன் திணறியது நினைவிருக்கிறது என்றும் சொன்னார். அம்மா அதை மறுத்தார். இருவரும் வெகுநேரம் வாதாடிவிட்டு, "நீயே ஒன்றை எழுதிக்கொள்" என்று என்னிடம் சொன்னார்கள். அம்மா சொன்னது, சித்தி சொன்னது என்று குறிப்பிட்டு இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.